ஹவானாவில் குடிபுகுகிறவர்களுக்கு: தடைக்குள் அன்றாடத்தை ஓட்டுவது எப்படி

படிக்கவோ ஆய்வுக்கோ வேலைக்கோ ஹவானாவுக்கு வந்து சில மாதம் தங்கப்போகிற தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு வாரம் ஓட்டலில் தங்கி, பழைய அமெரிக்கக் காரில் கடற்கரைச் சாலையைச் சுற்றிவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது. வீடு எடுத்து, சமைத்து, துவைத்து, வரிசையில் நின்று வாழப்போகிறவர்கள் கடைசிவரை படியுங்கள்.

எதற்குள் வருகிறீர்கள்

கியூபாவுக்கு ஏற்றுமதி செய்வதை அமெரிக்கா முதலில் 1960 அக்டோபரில் நிறுத்தியது. உணவும் மருந்தும் அப்போது விலக்கு. 1962 பிப்ரவரி 7 முதல் அமெரிக்க அதிபர் கென்னடியின் ஆணைப்படி வணிகத் தடை முழுமையானது. 1992-இல் வந்த சட்டத்தின்படி, சரக்கோடு கியூபத் துறைமுகத்துக்குப் போன கப்பல் அடுத்த 180 நாளுக்கு அமெரிக்கத் துறைமுகம் எதிலும் சரக்கு ஏற்றவோ இறக்கவோ முடியாது. 1996-இன் ஹெல்ம்ஸ்-பர்ட்டன் சட்டம் வேறு நாட்டு நிறுவனங்களையும் பயமுறுத்தி விலக்கி வைத்தது. 2021 ஜனவரியில் பயங்கரவாதத்துக்குத் துணைபோகும் நாடுகளின் பட்டியலில் கியூபாவை மறுபடி சேர்த்தார்கள். அதன்பின் ஐரோப்பிய வங்கிகள்கூட அந்த நாட்டின் பெயரைக் கேட்டாலே கையை விரிக்கின்றன. தடையை நீக்கச் சொல்லும் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்தை 2024-இல் 187 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தவை அமெரிக்காவும் இஸ்ரேலும் மட்டும். தடை அப்படியே நிற்கிறது.

கியூபர்கள் இதை ‘ப்ளோக்கேயோ’ என்பார்கள், முற்றுகை. ஊரில் இல்லாத எல்லாவற்றுக்கும் அது ஒன்றே காரணம் என்று நீங்கள் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர் தலையாட்ட மாட்டார். 2021-இன் நாணயச் சீர்திருத்தம் விலைவாசியை ஏற்றிவிட்டது, வயலுக்கும் மின் நிலையத்துக்கும் போக வேண்டிய பணம் ஓட்டல் கட்டப் போனது என்று அவரே கணக்குச் சொல்வார். அதே மனிதர், அம்மாவின் மருந்துக்கான மூலப்பொருள் வேறொரு கண்டத்திலிருந்து சுற்றிக்கொண்டு வரவேண்டியிருப்பதையும் சொல்வார். இரண்டும் உண்மை. அவர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றை மனத்தில் இருத்திக்கொண்டு வாருங்கள். உங்கள் பையில் யூரோ இருக்கிறது, உங்கள் கடவுச்சீட்டில் திரும்பிப் போகும் வழி இருக்கிறது. அந்த அளவுக்கு நீங்கள் முற்றுகைக்கு வெளியே நிற்பவர். உங்கள் வசதியைத் தேடும்போது உள்ளே இருப்பவரின் பங்கில் கை வைத்துவிடாமல் இருப்பதற்குத்தான் இங்கே உண்மையான பழக்கம் தேவை. கீழே சொல்வதில் பாதி அதைப் பற்றியது.

புறப்படும் முன்

தாள்களை முதலில் முடியுங்கள். பழைய சுற்றுலா அட்டைக்குப் பதிலாக இப்போது மின்விசா. அதோடு ‘தே வியாஹெரோஸ்’ என்ற இணையப் படிவத்தைப் பயணத்துக்கு முந்தைய ஏழு நாளுக்குள் நிரப்பி, அதில் வரும் கியூஆர் குறியைக் கைபேசியிலும் தாளிலும் வைத்துக்கொள்ளுங்கள். 2010 முதல் மருத்துவக் காப்பீடு கட்டாயம். கியூபா என்று பெயர் சொல்லிப் பாதுகாப்புத் தரும் காப்பீடுதானா என்று பாருங்கள். அமெரிக்கத் தொடர்புள்ள நிறுவனங்கள் பல அந்த நாட்டை விலக்கியே எழுதியிருக்கும். படிக்க வருகிறவர்கள் சுற்றுலா விசாவில் வந்து பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பல்கலைக்கழகம் வழியாகவே விசா எடுங்கள்.

இலண்டன், பாரிஸ், சிட்னி, சிங்கப்பூர் தமிழர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் கடவுச்சீட்டில் விசா இல்லாமல், இணைய அனுமதியோடு மட்டும் அமெரிக்கா போய்வர முடிகிறதென்றால், 2021 ஜனவரி 12-க்குப் பின் கியூபா போனவர்களுக்கு அந்த வசதி கிடையாது. அதற்குப் பிறகு அமெரிக்கத் தூதரகத்தில் நேர்காணலுக்கு நின்று விசா வாங்கித்தான் போகவேண்டும். நியூ ஜெர்சியில் மகள் இருக்கிறாள், அடுத்த ஆண்டு பேரக்குழந்தை பார்க்கப் போகவேண்டும் என்கிறவர்கள் இதை முன்கூட்டியே யோசியுங்கள். அமெரிக்காவில் வசிக்கும் தமிழர்களுக்கு விதி இன்னும் கடினம். வெறும் சுற்றுலாவுக்கு அனுமதியே இல்லை. அந்நாட்டுக் கருவூலத் துறை வகுத்த பயணக் காரணங்களில் ஒன்றில் நீங்கள் அடங்க வேண்டும், செலவுக் கணக்கையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது பணம். அமெரிக்க வங்கி தந்த அட்டை எதுவும் கியூபாவில் வேலை செய்யாது. இந்திய, ஐரோப்பிய வங்கிகளின் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் அரசின் டாலர் கடைகளில் ஓடலாம். ஆனால் ஏடிஎம்மில் பணமே இல்லாத நாட்கள் அதிகம். அட்டையை நம்பிப் புறப்படாதீர்கள். தங்கும் காலம் முழுவதற்குமான செலவை யூரோவாகவோ டாலராகவோ கையில் கொண்டுவாருங்கள். தாள் கிழிந்திருந்தாலோ பேனாவால் எழுதியிருந்தாலோ வாங்க மாட்டார்கள். பெரிய தாளைக் குறைத்து, 5, 10, 20 தாள்களை நிறைய வைத்துக்கொள்ளுங்கள். பணத்தை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். அமெரிக்காவோடு இணைந்த இணையப் பணப் பரிமாற்றச் சேவைகளில் கியூபா தொடர்பான எந்தத் தொகையையும் புழங்கவிடாதீர்கள். குறிப்புப் பகுதியில் ‘ஹவானா’ என்ற ஒரு சொல் இருந்தாலே கணக்கு முடங்கக்கூடும்.

கைபேசி வேலை எல்லாவற்றையும் ஊரிலேயே முடித்துவிடுங்கள். அமெரிக்க நிறுவனங்களின் பல செயலிகளும் தளங்களும் கியூபாவுக்குள் திறக்காது. சில திறந்தாலும் பதிவிறக்க விடாது. விபிஎன், இணையம் இல்லாமல் இயங்கும் வரைபடம், ஸ்பானிஷ் மொழிபெயர்ப்புப் பொதி, பாடப்புத்தகங்கள் எல்லாம் முன்பே ஏறியிருக்கட்டும். இந்திய வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் குறுஞ்செய்தி வெளிநாட்டில் வருமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது வராமல் நாட்கணக்கில் தவிப்பவர்கள் இருக்கிறார்கள்.

பெட்டியில் என்ன எடுத்துவைப்பது என்பதற்கு ஒரே அளவுகோல்: கடையில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம் வரும் எதையும் எடுத்து வையுங்கள். காய்ச்சல் மாத்திரை, வயிற்றுப்போக்குக்கு உப்பு-சர்க்கரைப் பொட்டலம், நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மருந்து முழுக் காலத்துக்கும், மருத்துவர் சீட்டோடு. மாதவிடாய்ப் பஞ்சு, சவரக் கத்தி, சோப்பு, கொசு விரட்டி, கொசுவலை. கையடக்க மின்சேமிப்பி (பவர் பேங்க்) குறைந்தது இரண்டு. மின்னேற்றும் பல்பு, மின்னேற்றும் சிறிய மின்விசிறி. கடைசியில் சொன்ன இரண்டையும் இடமில்லை என்று விட்டுவிடாதீர்கள். மாற்றுச் சட்டையை வேண்டுமானால் குறைத்துக்கொள்ளுங்கள்.

மிக்சியைக் கொண்டுவராதீர்கள். இங்கே மின்சாரம் பெரும்பாலும் 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், தட்டையான இரண்டு கால் பிளக். நம் 230 வோல்ட் மிக்சியும் ரைஸ் குக்கரும் சும்மா கிடக்கும். கைபேசி, மடிக்கணினி மின்னேற்றிகளில் ‘100-240’ என்று இருந்தால் போதும், பிளக் மாற்றி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மிளகாய்த்தூள், சாம்பார்ப் பொடி, மஞ்சள், பெருங்காயம், கடுகு தாராளமாகக் கொண்டுவாருங்கள். காரமே பழகாத ஊர். புளி இங்கேயே விளைகிறது, சாறு போட்டுக் குடிப்பார்கள். கறிவேப்பிலை போன்ற பச்சைச் செடிகளையும் இறைச்சியையும் சுங்கத்தில் பிடுங்கிவிடுவார்கள்.

வீடு பிடித்தல்

‘காசா பர்த்திகுலார்’ என்பது அரசு உரிமம் பெற்று வெளிநாட்டவருக்கு அறை விடும் வீடு. வாசலில் நீல நிற நங்கூரம் போன்ற சின்னம் இருக்கும். அது இல்லாத வீட்டில் தங்காதீர்கள். உங்கள் கடவுச்சீட்டு விவரத்தை வீட்டுக்காரர் பதிவேட்டில் எழுதிக் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் அபராதம் அவருக்குத்தான்.

வெதாதோ, ப்ளாயா, சென்ட்ரோ ஹவானா என்று பகுதி பார்ப்பதற்கு முன் வேறு சில கேள்விகளைக் கேளுங்கள். எத்தனையாவது மாடி? மின்தூக்கி நின்றால் தண்ணீர் வாளியோடு அத்தனை படியும் ஏறவேண்டும். தண்ணீர் எத்தனை நாளுக்கொருமுறை வருகிறது, தொட்டி எவ்வளவு பெரியது? சமையல் குழாய் எரிவாயுவிலா, சிலிண்டரிலா, மின் அடுப்பிலா? ஹவானாவின் பழைய பகுதிகளில் குழாய் எரிவாயு உண்டு. அது உள்ள வீடு கிடைத்தால் வாடகை சற்றுக் கூடினாலும் எடுத்துவிடுங்கள். கடைசியாக, அந்தத் தெரு எந்த மின்வெட்டுத் தொகுதியில் இருக்கிறது? மருத்துவமனையோ முக்கிய அலுவலகமோ இருக்கும் மின்பாதையில் உள்ள தெருக்களுக்கு வெட்டு குறைவு. அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் இது தெரியும்.

முதல் வாரம்: பெசோ, வரிசை, பை

2021 ஜனவரி 1-இல் இரட்டை நாணய முறை முடிந்து, கியூபப் பெசோ மட்டும் மிஞ்சியது. ஆனால் அரசின் மாற்று விகிதம் ஒன்றாக, தெருவின் விகிதம் அதைப் போலப் பல மடங்காக ஓடியது. 2025 டிசம்பரில் மத்திய வங்கி மிதக்கும் விகிதம் ஒன்றைக் கொண்டுவந்தது. நீங்கள் இறங்கும் நாளில் விகிதம் என்ன என்பதை வீட்டுக்காரரிடம் கேளுங்கள். மாற்றுவதற்கு ‘கடேக்கா’ என்ற அரசு மாற்றகம் இருக்கிறது. தெருவில் ‘கேம்பியோ, கேம்பியோ’ என்று கிசுகிசுப்பவரிடம் மாற்றுவது சட்டப்படி குற்றம். கள்ளத்தாளும் எண்ணிக்கை மோசடியும் அங்கேதான் நடக்கின்றன. ஒரே நாளில் பெரிய தொகையை மாற்றாதீர்கள். பெசோவின் மதிப்பு கையில் இருக்கும்போதே கரையும்.

இனி வரிசை. கியூபாவில் வரிசை நேர்கோட்டில் நிற்காது. கடை வாசலில் ஆட்கள் மரத்தடியிலும் திண்ணையிலும் எதிர்ச்சாரியிலும் சிதறியிருப்பார்கள், வரிசையே இல்லை என்று தோன்றும். நேராகப் போய்க் கதவைத் தட்டிவிடாதீர்கள். போனதும் உரக்க ‘எல் உல்திமோ?’ என்று கேட்க வேண்டும், கடைசி ஆள் யார் என்று. யாரோ ஒருவர் கையைத் தூக்குவார். அவரிடம் அவருக்கு முன்னால் யார் என்றும் கேட்டுவையுங்கள். அவர் பொறுமை இழந்து போய்விட்டால் உங்கள் இடம் அந்த முன் ஆளோடு கட்டப்பட்டிருக்கும். அடுத்து ஒருவர் வந்து கேட்கும்போது நீங்கள் கையைத் தூக்குங்கள். அவ்வளவுதான், உங்கள் இடம் உறுதி. நிழலில் உட்காரலாம், பக்கத்துத் தெருவில் ரொட்டி வாங்கிவிட்டு வரலாம். போகும்போது பின்னால் இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

கர்ப்பிணிகளும் மாற்றுத்திறனாளிகளும் முன்னால் போவார்கள், அதற்கு முகம் சுளிக்கக் கூடாது. காசுக்கு இடம் பிடித்துத் தருபவர்களும் உண்டு. அவர்களிடம் இடம் வாங்காதீர்கள். உங்களுக்கு அது சில்லறை. விடியற்காலையிலிருந்து நிற்கும் பாட்டிக்கு அது அன்றைய எண்ணெய்ப் போத்தல். உள்ளே பத்துப் போத்தல்தான் இருக்கிறதென்றால், பதினோராவது ஆள் யார் என்பதைத்தான் நீங்கள் தீர்மானிக்கிறீர்கள்.

வெளியே கிளம்பும்போது மடித்த துணிப்பை ஒன்று எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும். இங்கே அதை ‘ஹாபா’ என்பார்கள். கடையில் பை கிடைக்காது. முட்டை எந்தத் தெருவில் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. எதிரே வருபவர் கையில் முட்டை அட்டையைப் பார்த்தால் எங்கே கிடைத்தது என்று கேட்பது நாகரிகக் குறைவு அல்ல, எல்லாரும் கேட்பார்கள்.

சாப்பாட்டுக்கு எங்கே போவது

முதலில் நீங்கள் வாங்கக் கூடாத இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தெருவுக்குத் தெரு ‘போதேகா’ இருக்கும், நம் ரேஷன் கடை மாதிரிதான். 1962 மார்ச்சில் பங்கீட்டுச் சட்டம் வந்தது, ‘லிப்ரெத்தா’ என்ற குடும்ப அட்டைப் புத்தகம் அதிலிருந்து பிறந்தது. வாசலில் கரும்பலகையில் இந்த மாதம் வந்ததை எழுதியிருப்பார்கள்: அரிசி, சர்க்கரை, பட்டாணிப் பருப்பு, சில மாதம் எண்ணெய், சில மாதம் வெறும் பலகை. உள்ளே தராசு, பவுண்டுக் கணக்கு. அம்மா துணிப்பையின் வாயை விரித்துப் பிடிப்பார், கடைக்காரர் அரிசியைக் கொட்டி, பழுப்பேறிய சிறு புத்தகத்தில் அந்த மாதக் கட்டத்தில் பேனாவால் குறிப்பார். ஆளுக்கு நாளுக்கொரு ரொட்டி. 80 கிராமாக இருந்ததை 2024 செப்டம்பரில் 60 கிராமாகக் குறைத்தார்கள், கோதுமை மாவு இல்லை. ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பால் உண்டு. 2024-இல் அந்தப் பால்பவுடருக்காக அரசு ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்திடம் கைநீட்ட வேண்டி வந்தது.

தற்காலிகமாகத் தங்கும் வெளிநாட்டவருக்கு லிப்ரெத்தா கிடையாது. ஆனால் போதேகாவின் பின்கதவு வழியாக அரிசியும் பாலும் வெளியே வரும், உங்களிடம் மலிவாக நீட்டுவார்கள். வாங்காதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒன்றைக் கடைப்பிடிப்பதென்றால் இதைக் கடைப்பிடியுங்கள். ரேஷன் பால் என்பது எங்கோ ஒரு குழந்தையின் பெயரில் எழுதப்பட்ட பால்.

நீங்கள் போகவேண்டியது ‘அக்ரோ’ எனும் காய்கறிச் சந்தைக்கு. மனம் குளிரும் இடம். மரவள்ளி, சர்க்கரைவள்ளி, சேப்பங்கிழங்கின் உறவான மலாங்கா, வாழைக்காய், பூசணி, பருவத்தில் மாம்பழமும் வெண்ணெய்ப்பழமும். சோவியத் ஒன்றியம் கவிழ்ந்து 1990-களில் வந்த ‘சிறப்புக் காலத்தில்’ டீசலும் உரமும் இல்லாமல் ஹவானா மக்கள் காலி மனைகளில் பாத்தி கட்டி இயற்கை உரத்தில் கீரையும் காயும் வளர்க்கத் தொடங்கினார்கள். அந்த ‘ஒர்கானோபோனிக்கோ’ தோட்டங்கள் பல இன்றும் இருக்கின்றன. காலையில் போனால் பறித்த கையோடு முள்ளங்கியும் கீரையும் தருவார்கள். (அதே காலத்தில், 1992-இல், மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் தலைவர் ஹர்கிஷன் சிங் சுர்ஜீத் முன்னின்று இந்தியாவில் திரட்டிய கோதுமை ஹவானாவுக்குக் கப்பலேறியது. வயதானவர்களிடம் இந்தியா என்றதும் அதை நினைவுகூர்கிறவர்களைச் சந்திக்கலாம்.)

எண்ணெய், பாஸ்தா, முட்டை, கோழி, சோப்பு எல்லாம் ‘மிப்பிமே’ எனப்படும் தனியார் சிறுகடைகளில் கிடைக்கும். 2021-இல்தான் சட்டம் இவற்றை அனுமதித்தது. வீட்டுக் கூடத்திலும் கார் கொட்டகையிலும்கூட நடக்கும். கோழிப் பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள், பெரும்பாலும் அமெரிக்கக் கோழி. 2000-இல் வந்த ஒரு விதிவிலக்கின்படி அமெரிக்க உணவுப்பொருளைக் கியூபா வாங்கலாம், ஆனால் கடன் கிடையாது, பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். மற்ற நாடுகள் தவணையில் வாங்கும் பொருளைக் கியூபா ரொக்கம் எண்ணி வாங்குகிறது. அந்தச் சுமை கடைசியில் அலமாரி விலையில் வந்து நிற்கும். குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2021-இல் 2,100 பெசோ என்று நிர்ணயித்தார்கள். சில ஆண்டுகளில் 30 முட்டை அடங்கிய ஓர் அட்டை அதைத் தாண்டிவிட்டது. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்ப ஆளில்லாத வீடு எப்படி ஓடும் என்று அந்த முட்டையை வாங்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

இவை தவிர அரசின் டாலர் கடைகள் உண்டு, அங்கே அட்டையோ டாலர் ரொக்கமோதான் செல்லும். பாலாடைக்கட்டி, நல்ல காபி என்று எதற்காவது தேவைப்படும்.

சைவர்கள் கவனிக்க: கறுப்புப் பயறும் சோறும் அன்றாட உணவுதான், ஆனால் பயற்றில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். வீட்டில் சமைப்பது எளிது, ஏனென்றால் பயறு வேகவைக்க எல்லா வீட்டிலும் பிரஷர் குக்கர் இருக்கும். பட்டாணிப் பருப்பு, புளி, கையோடு கொண்டுவந்த பொடி மூன்றும் சேர்ந்தால் சாம்பார் என்றே சொல்லலாம். வீட்டுக்கார அம்மாவுக்கும் ஒரு கிண்ணம் கொடுங்கள், காரத்தைப் பாதியாக்கி.

மின்சாரமும் தண்ணீரும்

2024 அக்டோபர் 18-இல் மத்தான்சாஸின் அந்தோனியோ கித்தேராஸ் அனல்மின் நிலையம் நின்றதும் நாடு முழுக்க ஒரே நேரத்தில் இருண்டது. அதன்பின் அதே போல மொத்த மின்வலையும் விழுவது பலமுறை நடந்துவிட்டது. எரிபொருள் வாங்கப் பணமில்லை, வெனிசுவேலா எண்ணெய் குறைந்தது, பழைய நிலையங்களுக்கு உதிரிபாகம் தடையைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். ஹவானாவில் வெட்டு மணிக்கணக்கில் இருக்கும். மாகாணங்களில் ஒரு நாளில் பெரும்பகுதி. வெளியூரில் தங்கும் மாணவர்கள் இங்கே நான் சொல்லும் ஒவ்வொன்றையும் இரட்டிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மின்வெட்டுக்கு ‘அப்பகோன்’ என்று பெயர். மின் வாரியம் தொகுதிவாரியாக நேரத்தை டெலிகிராமில் போடும். அதைப் பின்தொடருங்கள், ஆனால் சத்தியம் என்று நம்பிவிடாதீர்கள். மின்சாரம் வந்ததும் செய்வதற்கு ஓர் ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் தண்ணீர் மோட்டார், அடுத்து மின்சேமிப்பி, கைபேசி, விசிறி எல்லாவற்றையும் மின்னேற்றப் போடுவது, பிறகு சோறு, கடைசியில் துணி. அதிகாலை இரண்டு மணிக்கு வெளிச்சம் வந்தால் தெருவே எழுந்துகொள்ளும். பக்கத்து வீட்டில் குக்கர் சீறும், எதிர்வீட்டில் பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போடுவார்கள். நீங்களும் எழுந்துவிடுங்கள், அடுத்த வாய்ப்பு எப்போதென்று தெரியாது. 1990-களின் யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்களுக்கு இதெல்லாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

உறைபெட்டியில் தண்ணீர்ப் போத்தல்களை அடைத்து வையுங்கள். வெட்டு வந்தால் அந்த ஐஸ்தான் இறைச்சியைக் காப்பாற்றும். குளிர்பெட்டியைச் சும்மா திறக்காதீர்கள். வெட்டு நேரம் நெருங்கும்போது மின்தூக்கியில் ஏறாதீர்கள். மின்சாரம் திரும்பும் நொடியில் அழுத்தம் எகிறும், மடிக்கணினியை அப்போது சுவரில் செருகி வைக்காதீர்கள். சிலிண்டர் வராத காலத்தில் பலரும் கரி அடுப்புக்குப் போய்விடுவார்கள். அறைக்குள் மட்டும் அதை மூட்டாதீர்கள்.

தண்ணீர் குழாயில் நாள் விட்டோ வாரத்துக்குச் சில நாளோ வரும். மின்சாரம் இல்லாத நேரத்தில் வந்தால் மாடித் தொட்டிக்கு ஏறாது. எனவே குளியலறையில் மூடிபோட்ட பெரிய பீப்பாய் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும், மூடி கொசுவுக்காக. வாளியும் சொம்பும் நமக்குப் பழக்கம்தானே. குடிக்க ஒவ்வொரு துளியையும் கொதிக்கவைத்து ஆறவையுங்கள். வெகுநாள் தண்ணீர் வராவிட்டால் தெருவாசிகள் சேர்ந்து ‘பீப்பா’ என்ற தண்ணீர் லாரியை வரவழைப்பார்கள். உங்கள் பங்குக் காசை முதல் ஆளாகக் கொடுங்கள், குழாய்க்கு முதல் ஆளாக நிற்காதீர்கள்.

போக்குவரத்து

நகரப் பேருந்துக்கு ‘குவாகுவா’ என்று பெயர். மிக மலிவு, மிக நெரிசல், எரிபொருள் இல்லாத நாளில் காத்திருந்தும் வராது. ‘அல்மெந்த்ரோன்’ எனும் 1950-களின் அமெரிக்கக் கார்கள் குறிப்பிட்ட தடத்தில் பங்குவண்டியாக ஓடும். உள்ளே இருப்பது பெரும்பாலும் வேறொரு வண்டியிலிருந்து பொருத்திய டீசல் எஞ்சின். சாலையோரம் நின்று போகும் திசையைக் கையால் காட்டி, இடத்தின் பெயரை மட்டும் சொல்லுங்கள். கட்டணத்தை ஏறும் முன் கேளுங்கள், சில்லறையாகக் கொடுங்கள், கதவை மெதுவாகச் சாத்துங்கள். அந்தக் கதவுக்கு மாற்றுக் கதவு அவ்வளவு எளிதில் கிடைக்காது. கிட்டத்துக்கு மின்சார மூன்றுசக்கர வண்டிகள் உண்டு.

உடம்பு

கியூப மருத்துவர்கள் அருமையானவர்கள். தெருவோர குடும்ப மருத்துவர் முறை 1984-இல் தொடங்கியது, மருத்துவர் நோயாளியின் வீட்டையே அறிந்திருப்பார். கோவிட் காலத்தில் அப்தாலா, சொபெரானா என்று தடுப்பூசியைச் சொந்தமாகவே உருவாக்கிய நாடு. குறைவது மருந்தும் கருவியும்தான். மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறவர்கள் விரிப்பு, விசிறி, வாளி, சிலநேரம் ஊசிக்குழல்வரை வீட்டிலிருந்து கொண்டுபோகிறார்கள். வெளிநாட்டவருக்கு ஹவானாவில் சீரா கார்சியா மருத்துவமனை தனியாக இருக்கிறது, கட்டணம் உண்டு, காப்பீடு பயன்படுவது அங்கேதான்.

கொசுவைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். டெங்கு எப்போதும் உண்டு. 2024-இல் ஒரோபூச்சே காய்ச்சலும் 2025-இல் சிக்குன்குனியாவும் பரவின. புகை அடிக்க ஆட்கள் வந்தால் கதவைத் திறந்துவிடுங்கள், அவர்கள் சொல்லும் நேரம்வரை வெளியே இருங்கள்.

பேச்சும் கொடுக்கல் வாங்கலும்

வீட்டுக்குள் கியூபர்கள் மனம்திறந்து பேசுவார்கள், திட்டுவார்கள், அழுவார்கள். அங்கே கேட்டதை வெளியே ஆள்பெயரோடு சொல்லாதீர்கள், சமூக ஊடகத்தில் எழுதாதீர்கள். 2021 ஜூலை 11 போராட்டங்களுக்குப் பிறகு நூற்றுக்கணக்கானவர்கள் சிறைக்குப் போனார்கள். உங்களுக்கு நேரக்கூடியது பெரும்பாலும் நாடு திரும்புவது. உங்களுக்கு அறை தந்தவருக்கு உரிமம் போகும், அதற்கு மேலும் போகலாம். காவலர், படையினர், அவர்கள் கட்டடங்கள் ஆகியவற்றைப் படம் எடுக்க வேண்டாம்.

கொடுக்க நினைத்தால் அமைதியாகக் கொடுங்கள். தெருவில் பிள்ளைகளுக்குப் பேனா வீசுவது அவர்களைக் கூனிக்குறுக வைக்கும். வீட்டுக்கார அம்மாவிடம் ‘எனக்கு இது மிஞ்சிவிட்டது’ என்று சொல்லிச் சோப்பையும் மாத்திரையையும் கொடுத்தால், யாருக்குத் தேவை என்பது அவருக்குத் தெரியும். பதிலுக்கு ஒரு குவளை காபி வரும், ரேஷன் காபி, பட்டாணி கலந்து வறுத்தது. அதை மட்டும் மறுக்காமல் குடியுங்கள். குழந்தைக்குப் பால் வாங்கித் தரச் சொல்லிக் கடைக்குக் கூட்டிப்போகும் அந்நியரிடம் மென்மையாக மறுத்துவிடுங்கள். அந்தப் பொருள் பல நேரம் திரும்பக் கடைக்கே போகும்.

கிளம்பும்போது

பெசோவை நாட்டுக்கு வெளியே எங்கும் மாற்ற முடியாது, கடைசி வாரத்தில் புதிதாக மாற்றாதீர்கள். விமானம் உறுதிதானா என்று முந்தைய நாட்களில் திரும்பத் திரும்பப் பாருங்கள். எரிபொருள் தட்டுப்பாட்டில் நேரம் மாறும். விமான நிலையத்துக்கு வண்டியை முன்கூட்டியே பேசி, இன்னொருவரையும் மாற்றாகச் சொல்லிவையுங்கள். மின்விசிறி, மின்சேமிப்பி, பல்பு, மீதி மருந்து, கொசுவலை எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போங்கள். மருந்துகளின் மேல் பெயரையும் அளவையும் ஸ்பானிஷில் எழுதி ஒட்டுங்கள், காலாவதித் தேதி தெரியும்படி.